‘ஓம்’ சொன்ன இயந்திரம்

அன்பின் தவமணிக்கு,

குளிரைத் தவிர இங்கே எனக்கொரு குறையும் இல்லை. உமது முதுகு நோ எப்படி, மாமி ஒழுங்காகச் சாப்பிடுகிறாவா என்று எழுதும்.

ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் டண்டினொங் தொழிற்சாலையில் எஞ்சின் புளொக் குடையப் புது இயந்திரம் வாங்கினார்கள். துளையிட்ட காகித நாடா ஓட ஓட, அது தானே வேலை செய்யும். வாங்குமுன், இரண்டு மாதிரியில் எது நல்லதென்று மனேச்சர் என்னைக் கேட்டார். நான் ஒன்றைக் காட்டினேன். புளொக்கை ஒருமுறை பூட்டினால் எல்லாப் பக்கமும் அதுவே குடைந்துவிடும், அளவு பிசகாது.

"இதுதானோ?" என்றார்.

‘யெஸ்’ என்பதற்குப் பதிலாக, வாய்தவறி எங்கள் பேச்சில் "ஓம்" என்றேன். அவர் காதில் அது ‘ஹோம்’ என்று விழுந்தது.

"வீட்டுக்கோ? இன்னும் மணி அடிக்கேல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் புளொக் குடைகிற கிரேக்கன் யோர்கோஸ்தான் எல்லாரையும்விடக் கூடச் சிரித்தான்.

இயந்திரம் வந்ததும் அவன் இடத்தில்தான் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமையோடு அவனுக்கு வேலை போய்விட்டது. போகும்போது என்னிடம் வந்து "ஹோம்" என்று மட்டும் சொன்னான். அவன் சிரிக்கவில்லை.

மிளகாய்த்தூள் ஒரு போத்தல் கேட்டிருந்தேன். அரைப் போத்தல் போதும். மத்தியானச் சாப்பாட்டில் பங்கு கேட்கிறவன் இப்போது இல்லை.

தபாலுக்கு நேரமாகிறது.

உமது,
கனகசுந்தரம்