எக்ஸ்ரே விளக்கில் பார்த்த உறை

மார்ச் 3, திங்கள்
திருப்பதிக்கு வந்து ஏழு மாதம். ஐசியு ஆய்வில் இன்று முப்பதாவது நோயாளி. ஆக்சிஜன் குறைந்து வருகிறவர்களுக்கு மூக்குக் குழாயில் வேகமாகக் காற்று கொடுப்பது நல்லதா, முகத்தை இறுக்கும் மாஸ்க் நல்லதா? யாருக்கும் தெரியாது. அதனால்தான் முன்பே சீட்டுக் குலுக்கி ஒட்டிய உறைகள். வரிசைப்படி பிரிக்க வேண்டும், உள்ளே இருப்பதுதான் சிகிச்சை. இதற்கு ஒரு நர்ஸ் எதற்கு என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5
நகரியிலிருந்து மோகன்ராஜ், பவர்லூம்காரர். நிமோனியா. அவர் மனைவி செங்கம்மா என் தமிழைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஊரு பொண்ணு, நீ சொன்னா சரிம்மா" என்று ஆய்வுக்கான சம்மதத் தாளில் படிக்காமலே கையெழுத்து. பிறகு, "மூஞ்சிய மூடுனா பயந்துக்குவாரு. மூக்குலயே வெச்சிடும்மா, பேசிக்கினு இருப்பாரு."

அவருக்கான உறையைப் பிரிக்காமலே எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்தேன். உள்ளே எழுத்து தெரிந்தது. மாஸ்க். அடுத்த உறையில் மூக்குக் குழாய். அதைப் பிரித்தேன். நோட்டில் உறை எண்ணையும் மாற்றி எழுதினேன்.

மதியம் பலமனேர் கிருஷ்ணம்மா வந்தார். மோகன்ராஜுக்கு வந்திருந்த மாஸ்க் அவருக்கு.

மார்ச் 6
மோகன்ராஜ் இரண்டு இட்லி சாப்பிட்டார். செங்கம்மா என்னைக் கும்பிட்டார். வாங்கிக்கொண்டேன். சீ.

மார்ச் 8
கிருஷ்ணம்மாவுக்கு மாஸ்க் எடுத்தாயிற்று. காபி இன்னும் வரவில்லை என்று தெலுங்கில் என்னைத் திட்டுகிறார்.
மோகன்ராஜுக்குத் தொண்டையில் குழாய், வென்டிலேட்டர்.
என்னால்தானா? சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாதே! இன்னா பெரிய டாக்டர்னு நெனப்பு எனக்கு?

மார்ச் 11
காலையில் மோகன்ராஜ் போய்விட்டார். செங்கம்மா என் தோளில்தான் சாய்ந்து அழுதார்.

மார்ச் 12
ஆய்வை நடத்தும் டாக்டர் மனோரமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். இரண்டு பெயர்களையும் சிவப்பில் குறித்தார், உறைப் பெட்டியின் சாவியை வாங்கிக்கொண்டார். "எதிக்ஸ் கமிட்டிக்கு நான் எழுதறேன். அந்தம்மாகிட்ட நீதான் சொல்லணும், மோனிகா. நானும் கூட வர்றேன்."

மார்ச் 27
காரியம் முடிந்த மறுநாள், நகரி. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, செங்கம்மாவிடம் சொன்னேன்.
"மாஸ்க் போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"
"தெரியாதுக்கா. யாருக்குமே தெரியாது."

"அப்போ நான் கேட்டதாலதானா?"
இப்படிக் கேட்பார் என்று நான் யோசிக்கவே இல்லை. என் பாரத்தை இறக்கத்தான் போயிருக்கிறேன்.
"இல்லக்கா. உறைய மாத்தி எடுத்தது நான்" என்றேன். மூன்று தடவை சொன்னேன்.
அவர் நம்பவில்லை.