சிவப்புக் கல்

நாள் 141 · 08:00

யூரோப்பா பனித்தளம். காற்று, மின்சாரம், வெப்பம் சரி. ரெஜினால்ட் சுரங்கத்தில் துளையிடுகிறான். தளத் தலைவி தமயந்தி அக்கா பனி மாதிரிகளோடு இருக்கிறார். கருவிகளும் வானொலியும் என் பொறுப்பு. நான் இளவேந்தன். இதைக் கண்டெடுப்பவருக்கு: இங்கே மூன்றே பேர்.

நேற்றைய மேசை ஆட்டம் எரிச்சல். அக்கா கதை நடத்துவார். எனக்கும் ரெஜிக்கும் ஆளுக்கொரு வீரன். வெற்றி தோல்வியைப் பகடை சொல்ல வேண்டும். அக்கா மறைப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டிவிட்டு எண்ணை மாற்றிச் சொல்கிறார். ராட்சதனை வெல்லவே முடியாது என்பதுபோல் வர்ணிப்பார். இரண்டு வெட்டில் விழுந்துவிடுவான். எந்த ஆபத்து நிஜம் என்று ஆடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு ஆபத்துக்கும் முன்னால் மூன்று நிறக் கற்களில் ஒன்றை வைக்கச் சொன்னேன். பச்சை, ஜெயிக்கலாம். மஞ்சள், யாராவது சாகலாம். சிவப்பு, ஓடிவிடு, பகடை காப்பாற்றாது. ஒப்புக்கொண்டார்கள்.

நாள் 148 · 19:30

அக்கா முதல் சிவப்புக் கல்லை வைத்தார். ரெஜியின் வீரன் நேராக டிராகனின் வாய்க்குள் போனான். உயிரோடு வெளியே வந்தான்.

ஏன் அவனைப் பிழைக்க விட்டீர்கள் என்று பிறகு அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் காலையில்தான் செய்தி வந்ததாம். “இன்னைக்குப் போய் அவனைக் கொல்லச் சொல்றியா?” என்றார். ஆமாம், பாத்திரத்தைத்தானே என்றேன். முறைத்தார்.

குறியீட்டை ஒருமுறை பொய்யாக்கினால் அடுத்த முறை எவனும் அதை மதிக்க மாட்டான். இதைக்கூட நான்தான் சொல்ல வேண்டுமா?

நாள் 160 · 12:10

கற்கள் வானொலிக்கும் வந்துவிட்டன. அதிர்வு அளவை எண்ணாகச் சொல்வது விதி. இப்போது யாரும் சொல்வதில்லை. சுரங்கத்திலிருந்து ரெஜி, “ஏல வேந்தா, கல்லு என்னல?” என்பான். அதிர்வுமானியைப் பார்த்து, பச்சை என்பேன். வேலை சீக்கிரம் முடிகிறது. நானும் தடுக்கவில்லை.

நாள் 173 · 10:12

அதிர்வு எல்லை தாண்டியது. வானொலிப் பதிவு அப்படியே:

நான்: சிவப்பு. வெளிய வா.

ரெஜி: துளைமுனை மாட்டிக்கிட்டு. உருவிட்டு வாரேன்.

அக்கா: ரெஜி, சிவப்புடா.

ரெஜி: போன சிவப்புக்கு டிராகன் வாய்க்குள்ளயே போயிட்டு வந்தேம்லா அக்கா.

சிரித்தான். கூரை விழுந்தது.

10:50

உயிரோடு இருக்கிறான். இடுப்புக்குக் கீழே பனி. காற்று நாளைக் காலை வரை. எங்கள் தோண்டும் இயந்திரம் அவனோடு உள்ளே புதைந்து கிடக்கிறது. மேலே சுற்றும் விண்கப்பலில் இன்னொன்று இருக்கிறது. கப்பலில் நான்கு பேர். தரை தாங்குமா, என்ன நிறம் என்று கேட்கிறார்கள்; எங்கள் குறியீடு அவர்களுக்கும் பழகிவிட்டது.

இறங்குதளத்தின் குறுக்கே விரிசல். ஓரமாக இல்லை, நடுவில்.

11:20

“மஞ்சள்னு அனுப்பு. மஞ்சள்னா இறங்குவாங்க.”

மஞ்சள் இல்லை அக்கா என்றேன்.

“அவன் செத்துருவான்டா.”

இறங்கினால் அந்த நான்கு பேரும் பனிக்குள் போவார்கள், அவனும் சாவான் என்றேன். நிச்சயமா என்றார். கணக்கைக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

நிறம் எதுவும் சொல்லாமல் அதிர்வு எண்ணையும் விரிசலின் நீளத்தையும் அனுப்பினேன். பதில்: “புரிந்தது. இறங்க இயலாது. வருந்துகிறோம்.” வருந்தட்டும்.

14:05

அக்கா மைக்கைப் பிடுங்கினார். “ரெஜி, கப்பல் கிளம்பிருச்சுடா. தூங்காம இரு.” தேர்ந்த குரல். கப்பலின் நிறம், விளக்குகள், இறங்கும் சத்தம் எல்லாம் வர்ணித்தார். இணைப்பை நான் துண்டித்திருக்கலாம். துண்டிக்கவில்லை.

தன் அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றான் ரெஜி. பயப்படுவாளாம்.

17:40

ரெஜி: அக்கா, நீங்க சும்மா இருங்க. நீங்க பகடை உருட்டுற லட்சணம் எனக்குத் தெரியாதா? வேந்தன்ட்ட குடுங்க.

கொடுத்தார்.

ரெஜி: ஏல, நீ பொய் சொல்லமாட்ட. உன்ன மாதிரி மூஞ்சிக்கு நேராப் பேசுற பய எங்கயும் கிடையாது. சொல்லு. கப்பல் வருதால?

17:44

இந்த வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். என் பொத்தானை நான் அழுத்தியிருக்கும் வரை அவன் குரல் இங்கே வராது.

அழுத்தியிருக்கிறேன். இடது கையால் தட்டச்சு செய்கிறேன். இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவனுக்கு என் மூச்சு கேட்கும்.

17:58

விரல் மரத்துவிட்டது. கையை எடு, அவன் என்ன சொல்றான்னு கேக்கணும் என்று அக்கா கத்துகிறார். எடுத்தால் அவன் திரும்பவும் அதையே கேட்பான்.