நான் நிறுத்திய புரோகிராம்

இன்று காலை தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்த வாசனையில் நீ வந்துவிட்டாய். எழுபதுகளின் கடைசியில், பாலக்காட்டுத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில், கட்டளையைத் தட்டினால் காகிதத்தில் பதில் அடிக்கும் நம் இருவரின் டெலிபிரிண்டர்களும் சூடேறும்போது இப்படித்தான் மணக்கும்.

நான் கல்பாத்திக்காரி, கணிதத்தில் எம்.எஸ்ஸி. நீ கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் வருவாய்; என்னைவிட இரண்டு வயது இளையவள், வெறும் பி.எஸ்ஸி. அந்த 'வெறும்' என்ற சொல்லை மனத்துக்குள் எத்தனை முறை சொல்லிக்கொண்டிருப்பேன்!

தரப் பரிசோதனை அறிக்கைக்காக நான்கு புரோகிராம்களை ஒவ்வொன்றாகக் கூடவே இருந்து ஓட்டுவோம். அரை நாள் போய்விடும். நீ கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதினாய். அந்தக் கோப்பே முதல் மூன்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். மூன்றும் முடியும்வரை காத்திருந்து, நான்காவதைத் தொடங்கி அறிக்கையை அச்சிடும்.

"நாம காவல் இருக்க வேண்டாமுங்க அக்கா, அதே பாத்துக்கும்" என்றாய். எனக்கு வயிறு எரிந்தது.

பம்பாய்ப் பயிற்சிக்கு நம்மில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அதிகாரி வந்தார். கோப்பை ஓட்டிக் காட்டினாய். எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றபோது, என் டெலிபிரிண்டர் முன் உட்கார்ந்தபடி, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது புரோகிராமை நிறுத்தும் கட்டளையைத் தட்டினேன். அறிக்கை வரவில்லை.

ஒவ்வொரு புரோகிராமும் எப்படி முடிந்தது என்று கேட்டறியும் வரி ஒன்றையும் நீ எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டாவது தானாக முடியவில்லை, வெளியிலிருந்து நிறுத்தப்பட்டது என்று உன் காகிதத்தில் அடித்தது. படித்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு அந்தத் தாளைக் கிழித்தெடுத்து மடித்து வைத்துக்கொண்டு, "நான் எழுதுனதுலதானுங்க சார் தப்பு" என்றாய்.

பம்பாய்க்கு நான் போனேன். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்த உன்னிடம், "ஏண்டி சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்க வேலை போயிருமுங்களே அக்கா. எனக்குப் பயிற்சிதானுங்க போச்சு."

அந்த மனசின் மீதும் பொறாமைப்பட்டேன். உன் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. பம்பாயில் நான் எழுதிய கோப்புகளிலெல்லாம் உன் அந்த வரி இருந்தது. கேட்டவர்களிடம் நானே கண்டுபிடித்தது என்றேன்.

நீ இறந்துபோய்விட்டாய் என்று தெரிந்து போன வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திகைத்துப்போனாள்.

"அம்மா இப்படியொண்ணும் சொன்னதே இல்லீங்களே பெரியம்மா. உங்களாட்டம் கெட்டிக்காரி ஆரும் இல்லீன்னுதானுங்க சொல்லுவாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் பெற்ற மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க உன்னால் முடிந்ததே என்று பொறாமையாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறதடி.