அலமாரியில் விட்ட கறுப்பு ஷூ

பிப்ரவரி 4

மிளகு அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை போன் வந்ததும் உங்கள் மகள் பிடுங்கிக்கொள்கிறாள், அப்புறம் எனக்கு மிஞ்சுவது "சரி, வெச்சுடறேன்" மட்டும்தான். அதனால் இந்தக் காகிதம்.

டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். ஜூன் ஒன்பதாம் தேதி எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு தேர்வு வருகிறது. கணக்கில் மிளகு சமாளித்துவிடுவாள். பத்தியை வாசித்துப் பதில் எழுதும் பகுதியில்தான் நாற்பதுக்குப் பதினொன்று. இருபது வாங்காவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருடம்.

"தப்பில்லாம, கணீர்னு வாசிக்கிறா. ஆனா வாசிச்சது உள்ள போகல" என்றார் டீச்சர். கேள்வியில் இருக்கும் வார்த்தையைப் பத்தியில் தேடி, அது கிடைத்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறாளாம். வரியில் இல்லாததைக் கேட்டால் திண்டாட்டம்தான். ஒரு பத்தியில், ஒரு சிறுமி தன் குடையைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு மழையில் வீட்டுக்கு வருகிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்று கேள்வி. நம் மகள் எழுதிய பதில்: "நனைந்தவள்."

சிரிக்காதீர்கள். நான் சிரித்துவிட்டு டீச்சரிடம் முறைப்பு வாங்கினேன்.

வீட்டில் தினமும் வாசிக்க வைத்து, வாசித்ததைப் பற்றிப் பேசச் சொன்னார். சலவைக் கடையில் எட்டு மணி நேரம் நின்று, துணிக்கெல்லாம் எண் சீட்டுக் குத்திவிட்டு வந்தால் எனக்கே எழுத்து ஊர்கிறது. பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குத் தலைவலி, தாகம், எல்லாம் வந்துவிடும். அப்பா எழுதியது என்றால் வாசிப்பாள். ஒரு பத்தி, நான்கு கேள்வி. உங்களால் முடியுமா?

இப்படிக்கு,
மிளகு அம்மா


பிப்ரவரி 19

அன்புள்ள மிளகு அம்மாவுக்கு,

"நனைந்தவள்" பதிலை எங்கள் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். முழு மதிப்பெண் போட்டிருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார்.

பத்தி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது தண்ணீர் பம்ப் ஒன்றுதான். மூன்றாம் எண் பம்ப் ஏன் கத்தியது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எழுதியிருக்கிறேன். அவளுக்குப் பிடிக்கும்.

இங்கே இன்னொரு பேச்சு. ஆறு மாதம் என்று வந்தவனுக்குப் பதினாறு மாதம் ஆகிவிட்டது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடுகிறாயா என்று கேட்கிறார்கள். மே முடிவதற்குள் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய்? உனக்கு எது வசதியோ அதுதான் எனக்கும்.

போன வாரம் இங்கே ஒரு விருந்து. நீ பெட்டி அடுக்கியபோது என் கறுப்பு ஷூவை வைக்க மறந்துவிட்டாய் அல்லவா, புதிதாக ஒன்று வாங்கினேன். கடிக்கிறது.

அன்புடன்,
மிளகு அப்பா


மார்ச் 8

மிளகு அப்பாவுக்கு,

உங்கள் பம்ப் பத்தியில் உங்கள் மகள் நான்குக்கு நான்கு. சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் பம்ப் எதையும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. பேரிங் தேய்ந்தால் கத்துகிறது, நீங்களும் அதை அப்படியே எழுதிவிடுகிறீர்கள். பதில் எல்லாம் வரியிலேயே கிடக்கிறது. மனிதர்களை வைத்து எழுதுங்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளி விட்டு மிளகு நேராகக் கடைக்கு வருகிறாள். கவுண்டரில் வந்து விழும் சட்டையைக் காட்டி, இதைப் போடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பேன். முதல் நாள் "ஆம்பளை" என்றாள். இப்போது கை மடிப்பில் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் தூளைப் பார்த்து "கரும்பலகைல எழுதறவர், சட்டைக் கையை மடிச்சு விடறவர்" என்கிறாள். "உனக்கு எப்படித் தெரியும்? துப்பைக் காட்டு" என்பேன். துப்பு இல்லாமல் அடித்துவிட்டால் செல்லாது. வீட்டுக்கு வந்து கதைக்கும் அதே கேள்விதான். ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அவள் வார்த்தையில் சொல்ல வேண்டும். குடைச் சிறுமியை மறுபடி கேட்டேன். "தோழி நனையக் கூடாதுன்னு நெனச்சவ" என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் விருப்பம்.

ஷூ அலமாரியில்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை துடைத்து வைக்கிறேன்.

மிளகு அம்மா


ஏப்ரல் 21

அன்புள்ள மிளகு அம்மாவுக்கு,

மனிதர்களை வைத்து எழுதச் சொன்னாய். நான் நன்றாகப் பார்த்த மனிதர்கள் இரண்டே பேர். ஆறு முறை எழுதிக் கிழித்தேன். மகளிடம் கொடுக்கலாமா என்று நீயே பார்த்துக்கொள்.

"ஒருவருக்குத் தொலைவில் வேலை கிடைத்தது. மனைவியைக் கேட்காமலே ஒத்துக்கொண்டார். வீட்டில் பெரிய சண்டை. மறுநாள் அவள் ஒரு வார்த்தை பேசாமல் அவருக்குப் பெட்டி அடுக்கினாள். நான்கு சட்டைகளையும் கலையாமல் மடித்து வைத்தாள். பொத்தான் விழுந்தால் தைக்க ஊசி நூல் வைத்தாள். தலைவலி மாத்திரை வைத்தாள். அவருடைய ஒரே நல்ல ஷூவை வைக்க மறந்துவிட்டாள். அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவர் கிளம்பினார்."

1. எத்தனை சட்டைகள்?
2. அவர் ஏன் வாசலில் நின்றார்?
3. அவள் ஏன் அடுத்த அறைக்குப் போனாள்?
4. அவர் போயிருக்க வேண்டுமா?

மூன்றாம் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. அவ்வளவு அழகாக அடுக்கியிருந்ததைப் பார்த்து, நான் தொலைந்தால் போதும் என்று நீ நினைத்ததாகத்தான் பட்டது. போன வருட விடுமுறைக்கு வராமல் இருந்ததும் அதனால்தான்.

அன்புடன்,
மிளகு அப்பா


மே 7

மிளகு அப்பாவுக்கு,

பத்தியைக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் மேஜையிலிருந்து எடுத்து வாசித்துவிட்டாள். மூன்று முறை வாசித்தாள். அப்புறம் பென்சிலால் ஒரு வார்த்தையைச் சுழித்துக்கொண்டு வந்தாள்.

"இங்க 'மறந்துவிட்டாள்'னு தப்பா போட்டிருக்கும்மா. ஊசி நூலைக்கூட ஞாபகமா வெச்சவங்க ஷூவை மறப்பாங்களா? அவர் திரும்பி வரணும்னு வேணும்னே வெச்சிருக்காங்க."

துப்பைக் காட்டு என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டாம் கேள்விக்கு, "போகாதீங்கன்னு சொல்வாங்கன்னு நின்னார்." மூன்றாவதுக்கு, "அழறதுக்கு." நான்காவதுக்கு நீளமாக எழுதினாள். போகக் கூடாதாம். ஆனால் அந்த அம்மாவும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமாம், வாசிக்கிறவளுக்கே கண்டுபிடிக்க மூன்று தடவை ஆகிறதாம். தேர்வில் அந்தக் கடைசி வரிக்கு மதிப்பெண் கிடைக்காது. நான் கொடுத்தேன். இது யார் கதை என்று அவள் கேட்கவில்லை. பென்சிலைச் சீவப் போய்விட்டாள்.

பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில் இருபத்து நான்கு வாங்கியிருக்கிறாள். டீச்சர் நம்ப முடியாமல் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாராம்.

ஒரு பட்டன் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, ஒரு வாக்கியம் சொல்ல இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. மகள் திருத்திவிட்டாள், சொல்கிறேன். "உங்கள் விருப்பம்" என்று எழுதினேனே, அதை அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். எனக்கு நீங்கள் இங்கே வேண்டும். உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது, அதையும் நேரில்தான் சொல்ல வேண்டும்.

உங்கள்,
நான்


மே 22

என் அன்புக்கு,

நீ கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மே பத்தாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். "உங்கள் விருப்பம்" என்று நீ எழுதியிருந்தாய், நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று இப்போது தெரிகிறதா?

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. வேலை உடையோடே மேற்பார்வையாளர் அறைக்கு ஓடினேன். காகிதம் அவர் மேஜைக்குள் இருந்தது, தலைமை அலுவலகத்துக்கு இன்னும் அனுப்பவில்லை. திருப்பிக் கேட்டேன். காரணம் கேட்டார். "வீட்டுல வரச் சொல்லிட்டாங்க" என்றேன். மேஜையைத் திறந்து, "இதைச் சொல்ல இவ்வளவு நாளா?" என்று எடுத்துக் கொடுத்தார். என்னைக் கேட்டாரா, உன்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கடிக்கிற ஷூவை அவருக்கே கொடுத்துவிட்டேன், அவர் காலுக்குச் சரியாக இருக்கிறது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் ஏழாம் தேதி காலை, வந்து சேருவேன். தேர்வு அன்று பள்ளி வாசல் வரைக்கும் அவளைக் கொண்டுவிட வேண்டும். கறுப்பு ஷூவை எடுத்து வை.

மிளகிடம் சொல், இரண்டாம் கேள்விக்கு அவள் எழுதியது சரி. உன்னிடம் ஒன்று சொல்கிறேன். நான் வந்து வாசலில் நிற்கும்போது நீ அடுத்த அறைக்குப் போனால், இந்தத் தடவை நானும் உள்ளே வருவேன்.

உன்,
நான்