உன்னை உட்கார வைத்த கூட்டம்

நேற்று மாலை மகள் பள்ளி நோட்டை நீட்டி, “அப்பா, ‘ஷவுட் டவுன்’னா என்ன? ஒரு வாக்கியத்துல வெச்சு சொல்லுங்க” என்றாள். இத்தனை வருடமாக ஆபீஸில் இங்கிலீஷில் குப்பை கொட்டுகிறவன், “போய் அம்மாவைக் கேளு” என்றேன். அவள் அம்மாவுக்கு இங்கிலீஷே தெரியாது. எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நம் தொழிற்சாலை கேன்டீனின் பின் ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்குமே அலுமினியக் குவளைகள், துப்புரவு வேலை செய்யும் பெண்கள் அதில்தான் டீ குடிக்க வேண்டும். வெளியே நின்று குடித்துவிட்டு, அவர்களே கழுவி மாட்ட வேண்டும். சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் ஆகியும் அதுதான் வழக்கம். நாம் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் குடித்தோம். எனக்கு அது உறுத்தவே இல்லை என்று எழுத இப்போது அருவருப்பாக இருக்கிறது.

கேன்டீன் கமிட்டிக் கூட்டத்தில் நீ எழுந்து, “அவங்களும் உள்ள உக்காந்து, நாம குடிக்கிற கிளாஸ்லயே குடிக்கட்டும்” என்றாய். அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருவன் கன்னடத்தில் “கூத்கொள்ரீ!” என்று உட்காரச் சொல்லிக் கத்தினான். மற்றவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள், ஊளையிட்டார்கள். நீ இரண்டு முறை வாய் திறந்தாய். தினமும் உன்னோடு டிபன் டப்பா பகிர்கிறவன் என்று எல்லோரும் என்னையே பார்ப்பதாகப் பட்டது. “உக்காருய்யா! வேற வேலை இல்ல உனக்கு?” என்று நானும் கத்தினேன். அத்தனை சத்தத்துக்கும் அசையாமல் நின்றவன், என் குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாய்.

கமிட்டிச் செயலாளர் நான்தான். கூட்டக் குறிப்பை இங்கிலீஷில் எழுதி, வழக்கம்போல உன்னிடமே திருத்தக் கொடுத்தேன். அந்த வெட்கம்கூட எனக்கு இல்லை பார். ‘உறுப்பினர் பேசிவிட்டு அமர்ந்தார்’ என்று எழுதியிருந்தேன்.

“நானாவா உக்காந்தேன்? ‘ஷவுட்டட் டவுன்’னு எழுதுப்பா. ஒருத்தர் மேல கோவத்துல கத்தறது வேற. இது, பேசறவன் பேச்சு யார் காதுலயும் விழக் கூடாதுன்னு கத்தறது” என்றாய்.

“அப்படி எழுதினா கமிட்டிக்கு அசிங்கம்பா.”

“நடந்தது அசிங்கம் இல்லியா?”

ஒரு கமாவைக்கூடத் திருத்தாமல் நோட்டை மூடித் தந்தாய். நானும் எதையும் மாற்றவில்லை. அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்தேன்; கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து நீ வெளியே போய் நின்று அலுமினியக் குவளையில் டீ குடித்தாய். உள்ளே சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து பல்லை இளித்தேன். தூ!

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. அன்று அல்சூரில் உன் வீட்டு வாசலில் அந்தப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் நான் கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்து நுழைந்தேன்.

அந்தக் கூட்டத்தில் நீ பேசியது ஒரே ஒரு வாக்கியம். அடுத்து என்ன சொல்ல வந்தாய்? அதன்பின் ஏழு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தும் நான் கேட்கவில்லை. இப்போது தனியாக இருக்கும்போதெல்லாம் அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறேன். காதில் விழுவது என் கத்தல்தான்.