பேட்டரியை டிக்கிக்கு மாற்றினோம்

ஜனவரி 19, ஞாயிறு

எங்கள் பந்தயக் கார் எஸ்டீமின் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவதென்று முடிவாகிவிட்டது. அன்சாரி மச்சானைக் கட்டிக்கொண்டு பதினோரு வருஷம். அவர் மனதில் ஒரு வேலை விழுந்துவிட்டால் யாராலும் எடுக்க முடியாது.

"முன்னாடி கனம் ஜாஸ்தி ஷமீ. அதான் வளைவுல மூக்கு வெளிய ஓடுது. பேட்டரி பின்னாடி போனா வண்டி நீ சொன்னபடி கேக்கும்."

வாஸ்தவம்தான். போன பந்தயத்தில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பியும் வண்டி நேரே போய் கோன்களைச் சாய்த்தது. ஆனால் இனி பேட்டரி என் முதுகுக்குப் பின்னால். அங்கிருந்து இன்ஜின் வரை விரல் தடிமனில் ஒரு கேபிள், என் சீட் ஓரமாக. எங்காவது தோல் உரிந்து வண்டித் தகட்டில் பட்டுத் தீப்பிடித்தால்? மச்சான் வயரிங் கடைக்காரர், அவருக்குப் பயமில்லை. ஓட்டப்போவது நான்.

அடுத்த பந்தயம் பிப்ரவரி 9. முந்தின நாள் வண்டிப் பரிசோதனை. அதில் தேறினால்தான் இறங்க விடுவார்கள்.

ஜனவரி 22

சிதம்பரத்தில் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிற வேலை வழக்கம்போல. அண்ணாமலை நகரில் ஒரு புரொபசர் அம்மா பிரேக் என்று ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். என் பக்கத்துப் பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். அந்த நேரத்திலும் பேட்டரி நினைப்புதான்.

ஜனவரி 26, ஞாயிறு

பேட்டரி உட்காரும் இரும்புத் தட்டை டிக்கித் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மச்சான் சாக்பீஸால் குறித்து, டிரில்லை வைத்தார். எதற்கும் என்று குனிந்து கீழே பார்த்தேன் — குறிக்கு நேர் கீழே பெட்ரோல் ஹோஸ்.

கத்தினேன். டிரில் நின்றது.

"பாத்துட்டுதானே குறிச்சேன்" என்றார்.

எங்கே பார்த்தார்? சிப்காட் ரோட்டில் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிற மனுஷன்!

குறியைத் தள்ளிப் போட்டோம். நான் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் துளை போட்டார்.

ஜனவரி 29

மச்சான் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். சிரித்து மழுப்பினார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் வேலை முடிந்தது என்றார். பேட்டரி ஆடவில்லை. கேபிள் தகட்டுக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், வெளியே நின்று இழுத்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச், எல்லாம் இருந்தது. நெகட்டிவ் மட்டும் மாட்டவில்லை. பியூஸுக்குப் போகிற கேபிளைச் சும்மா பிடித்து இழுத்தேன். முனையில் அழுத்தி மாட்டிய லக் என்கிற செம்பு வளையத்திலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. பாதிக் கம்பிகள் லக்குக்குள் போகவே இல்லை. மடங்கிக் கிடந்தன, மேலே டேப்.

"என்ன மச்சான் இது?"

வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

"உங்களுக்குக் கண்ணு தெரியுதா? என்னப் பாத்து சொல்லுங்க."

கேபிளைக் கீழே வைத்தார்.

"வலது கண்ணுல நடுவுல கறை மாதிரி நிக்குது. பக்ரீத்துலேர்ந்து. இப்ப இடதுலயும் லேசா..."

"ஏன் சொல்லல?"

"கண்ணு தெரியாதவன்கிட்ட எவன் ஷமீ வண்டிய விடுவான்?"

"இந்தக் கேபிளோட நான் ஓட்டிருப்பேனே மச்சான்!"

சொல்லியிருக்கக் கூடாதோ? இல்ல, சொல்லத்தான் வேணும். டிக்கி விளிம்புல உக்காந்து அழுதுட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 4

சிதம்பரத்தில் கண் டாக்டர் சந்திரலேகாவிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை கண்ணைப் பாதித்திருக்கிறதாம். மாசாமாசம் ஊசி. "போன பார்வை முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன். இருக்கறத காப்பாத்தலாம்." முதல் ஊசி அடுத்த செவ்வாய்.

பஸ்ஸில் பந்தயம் வேண்டாம் என்றேன். "உனக்குப் பயம்னா வேணாம். எனக்காக நிறுத்தாத" என்றார். பயம்தான். ஆனால் எந்தப் பயம்?

பிப்ரவரி 6

ஓட்டுவதென்றே முடிவு செய்தேன். எல்லா இணைப்பையும் வெட்டிவிட்டு நானே புதிதாகப் போட்டேன். மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கம்பி ஒண்ணாவது வெளிய நிக்குதா?"

"இல்ல."

"இழு."

"இழுத்துட்டேன்."

"கால ஊணிக்கிட்டு இழு ஷமீ."

வரவில்லை. இன்ஜினை ஓடவிட்டு வெளியே நின்று சுவிட்சை இழுத்தேன். பட்டென்று நின்றது.

பிப்ரவரி 8, சனி

பரிசோதகர் ஞானசேகரன் பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கேபிள் ஓடுகிற வழி முழுக்க டார்ச் அடித்தார். பியூஸ் பார்த்தார், சுவிட்சை இழுத்துப் பார்த்தார். கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டினார்.

"சுத்தமான வேலை. யார் பண்ணது?"

"நாந்தான் சார்" என்றார் மச்சான்.

நான் ஹெல்மெட் வாரைச் சரி செய்துகொண்டிருந்தேன். கோபமா? கோபம்தான். அவர் முகத்தைப் பார்த்தால் அதுவும் நிலைக்கவில்லை.

பிப்ரவரி 9

ஆறாவது இடம். வண்டி சொன்னபடி திரும்பியது. ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

போன வாரம் மூன்றாவது ஊசி. இடது கண் கொஞ்சம் தேவலை, வலது அப்படியே இருக்கிறது. நான் வாரத்தில் மூன்று நாள்தான் சிதம்பரம் போகிறேன், மற்ற நாளெல்லாம் கடை. கேட்கிறவர்களிடம் மச்சான் "சும்மா ஒத்தாசைக்கு வருது" என்றுதான் சொல்லிவந்தார்.

இன்று தேவனாம்பட்டினத்து அய்யனார் மீன் வண்டியைக் கொண்டுவந்தார். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பாய், லைட்டு விட்டு விட்டு எரியுது. சட்டுனு பாத்து வுடுங்க, ஐஸ் கரையுது."

பானெட் திறக்கிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

"எனக்குக் கண்ணு சரியில்லண்ணே" — மச்சான் குரல். "வயரிங்லாம் இப்ப ஷமீனாதான் பாக்குறா. சாப்புடுறா, செத்த இருங்க. வந்துடுவா."

அய்யனார் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அய்யனார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. கை கழுவிக்கொண்டு வெளியே போனேன்.