கப்பலில் எல்லோருக்கும் வழி தவறும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அக்கா ஆபீசுக்கு வந்தாள். நேராக என் மேசைக்கு வரவில்லை. வாசலில் டோக்கன் எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து வந்தாள். முப்பத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். எங்கேயும் குறுக்கே நுழைய மாட்டாள். அவளுக்குக் குறுக்கேயும் யாரும் நுழைந்ததில்லை.

"கப்பல்ல ரெண்டு பேருக்கு இடம் போடு. ஏழு நாள்."

"யாருக்கு?"

"உனக்கும் எனக்கும்."

அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. தரை ஈரமாக இருந்தால்கூடச் சுற்றிப் போவாள். அதைச் சொன்னேன். "கப்பல் தண்ணிக்கு மேலதானே போகுது" என்றாள். மேசையில் இருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் எழுதிய நோட்டீஸ். 'கப்பல் பயணிகளுக்கு இருபத்தெட்டுக் குறிப்புகள்.' ஒன்பது வருஷமாக எங்கள் டிராவல்ஸில் கப்பல் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் கொடுக்கிறோம். எழுதியவள் ஒரு தடவைகூடக் கப்பலில் ஏறியதில்லை என்பது இருபத்தொன்பதாவது குறிப்பு. அதை அச்சடிக்கவில்லை.

மார்ச் 4, புதன்

முதலாளி லீவு கொடுத்துவிட்டார். "அப்படியே அந்த நோட்டீஸ்ல இருக்கறதெல்லாம் சரிதானான்னு பாத்துட்டு வாங்க" என்றார். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்கிறார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏழு நாளா?" என்றார். கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துவிட்டு, "வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டன்?" என்றார். பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் பெட்டி கட்டினோம். தனியாக இருக்கிறவள், மூன்றாவது மாடி. கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு என்னை எண்ணச் சொன்னாள். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனால்தான் பெட்டிக்குள் போகும்.

குறிப்பு 6: மருந்து, ஒரு செட் துணி, சார்ஜர் இவை கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி சாயங்காலம்தான் அறைக்கு வரும்.

மாத்திரை டப்பாவில் புதிதாக ஒரு வெள்ளை மாத்திரை. "இது என்ன?" "சத்து மாத்திரை." அடுப்புக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: கேஸை மூடு. கதவில் இன்னொன்று: சாவி. "என்னக்கா இது, வீடு பூரா நோட்டீஸ்?" "உனக்கு மட்டும்தான் எழுத வருமா?" என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

குறிப்பு 1: கப்பல் கிளம்பும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

வந்துவிட்டோம். விமானம் தாமதமாகவில்லை. இருபது நிமிஷம் முன்னாலேயே இறங்கிவிட்டது. துறைமுகத்துக்கு எதிரே ஓட்டல். அக்கா நாளைக்கு எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று நாலு தடவை கேட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி ஆவல். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 14, சனி

ஏறியாகிவிட்டது. கப்பல் என்று நினைத்து வந்தேன், பதினாலு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. முதல் வேலையாக எல்லோரையும் கூட்டி உயிர்காப்பு உடுப்பு எப்படிப் போடுவது என்று காட்டினார்கள். காட்டியவர் வாரை முறுக்கிப் போட்டிருந்தார். அக்கா எழுந்து போய் அவருக்குச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

லிப்டுக்குள் தரையில் ஒரு விரிப்பு. அதில் 'சனி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தினமும் மாற்றுவார்களாம். கப்பலில் ஏறினால் எல்லோருக்கும் கிழமை மறந்துவிடுமாம். நோட்டீசில் இது இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

குறிப்பு 9: உயரத்தில், முன்பக்கமாக உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். காட்சி நன்றாக இருக்கும்.

காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை வானம், ஒரு தடவை கடல், ஒரு தடவை வானம். நான் காலையிலிருந்து குளியலறைத் தரையில் இருக்கிறேன். ஆட்டம் பிடிக்காதவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் அறை எடுக்க வேண்டுமாம். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் புண்ணியமில்லையாம், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டுமாம். ஒன்பது வருஷமாக எத்தனை பேரை இப்படி மேலே முன்னால் அனுப்பியிருக்கிறேன்? ஒருவர்கூடத் திரும்பி வந்து திட்டவில்லை. வேறு டிராவல்ஸுக்குப் போயிருப்பார்கள்.

அக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஈரத் துணியை நெற்றியில் போட்டு, பச்சை ஆப்பிளைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்து, "தூரத்துல கடல் முடியற கோட்டைப் பாரு, வேற எங்கயும் பாக்காத" என்றாள். இந்தக் கையைப் பார்த்து எத்தனை பேர் பயம் விட்டிருப்பார்கள்.

மத்தியானம் எனக்கு டீ வாங்கப் போனவள் ஒரு மணி நேரம் வரவில்லை. எங்கள் அறையைக் கவனிக்கும் பணியாளர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். நேற்று யானை, இன்றைக்குக் குரங்கு என்று துண்டை மடித்துச் செய்து கட்டிலில் உட்கார வைக்கிறார், அதனால் அவருக்குத் துண்டுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம். இரண்டு மாடி கீழே, இதே நம்பர் வரிசையில் வேறு யாருடைய கதவையோ திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "எல்லாருக்கும் ஆகுறதுதாம்மா" என்றார் துண்டுக்காரர். உண்மைதான். நேற்று நானே மூன்று தடவை தொலைந்தேன்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

மார்ச் 16, திங்கள்

குறிப்பு 14: சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். சரியான குறிப்பு. அக்கா நாலு சுற்று நடந்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் கப்பல் ஒரு ஊரில் நின்றது. ஐந்து மணிக்குக் கிளம்பும், நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். கப்பலின் சுற்றுலா பஸ் வேண்டாம், நாமே நடந்து பார்க்கலாம் என்றேன். கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒரு மணி வித்தியாசம். குறிப்பு 19-இன்படி கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு மருந்துக்கடையில் குமட்டல் மாத்திரை வாங்க நுழைந்தேன். அக்காவை வாசலில், நிழலில் நிற்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம். வெளியே வந்தால் ஆள் இல்லை.

எங்க போனா? இங்கதானே நிக்கச் சொன்னேன். பக்கத்துக் கடை, எதிர்க் கடை, பஸ் நிற்கும் இடம் — எங்கயும் இல்ல. போன் அடிச்சா என் பையிலேயே அடிக்குது, காலைல அவதான் வச்சிருன்னு கொடுத்தா. அந்தத் தெருவை எத்தனை தடவை சுத்தினேன்னு தெரியல. கப்பல் நேரம் காட்டும் கடிகாரத்தால் ஒரு லாபம் உண்டு: எத்தனை நிமிஷம் தாமதம் என்று துல்லியமாகத் தெரியும்.

கடைசியில் ஒரு பூக்காரப் பெண் கையைக் காட்டினாள். தெருமுனையில் சின்ன ஆஸ்பத்திரி. நேராக உள்ளே ஓடினேன். முதல் மாடியில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், நர்ஸ்கள் உட்காரும் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்திருந்தாள். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் தண்ணீர் கொடுத்திருந்தாள்.

"உள்ள போடற செருப்பு எங்கன்னு கேட்டாங்க. ஒன்பது மணி கேஸுக்கு லேட்டாயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றாள் அந்த நர்ஸ், மெதுவாக. "நீங்க யாரு?"

"தங்கச்சி."

அக்கா என்னைப் பார்த்தாள். முகம் மாறியது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "மணி என்ன?" என்றாள்.

ஐந்தேகால்.

துறைமுகத்துக்கு வந்தபோது கப்பல் போய்க்கொண்டிருந்தது. கரையிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

குறிப்பு 22: துறைமுக ஏஜெண்டின் போன் நம்பர் தினமும் அறைக்கு வரும் தாளில் இருக்கும். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வைத்திருந்தேன். ஏஜெண்ட் நல்ல மனிதர், அடிக்கடி பார்த்துப் பழகியவர் போல நாற்காலி போட்டார். ஆள் வராவிட்டால் கப்பல்காரர்கள் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை இவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்களாம். இரண்டு பாஸ்போர்ட் கொடுத்தார். கூடவே ஒரு பழுப்பு உறை. அது என்னுடையது இல்லை.

"பிரிச்சுப் படி" என்றாள் அக்கா. "நான் சொன்னா அழுவே. படிச்சா அழமாட்டே."

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மூளை நரம்பு டாக்டர் எழுதியது. தேதி டிசம்பர் பதினொன்று.

படிச்சேன். அழுதேன். ஏஜெண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 18, புதன்

அடுத்த துறைமுகத்துக்குப் பஸ்ஸில் போகிறோம். ஐந்து மணி நேரம். கப்பல் நாளைக் காலை அங்கே வரும்.

ஒரு மணி நேரம் போனதும் கத்தினேன். மூணு மாசமாத் தெரிஞ்சும் ஏன் சொல்லல? கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கேன்ல? தெரியாத ஊர்ல விட்டுட்டுக் கடைக்குள்ள போனேனே, தெரிஞ்சிருந்தா போயிருப்பேனா? முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

அக்கா நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சொல்லியிருந்தா அதுக்கும் இருபத்தெட்டுக் குறிப்பு எழுதி எடுத்துட்டு வந்திருப்பே."

எழுதியிருப்பேன்தான்.

"ஏன்க்கா கப்பல்? உனக்குத்தான் தண்ணியே ஆகாதே."

பையிலிருந்து நோட்டீசை எடுத்தாள். மடிப்புகளில் கிழிய ஆரம்பித்திருந்தது. பதினொன்றாவது குறிப்பில் விரலை வைத்துக் காட்டினாள். கப்பலில் எல்லோருக்கும் வழி தவறும், வெட்கப்படாமல் யாரையாவது கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தேனோ, நினைவில்லை.

"நான் தொலைஞ்சா யாருக்கும் தெரியாத எடம் இது ஒண்ணுதான்னு தோணிச்சு" என்றாள். "உன்கூட ஏழு நாள் இருக்கலாம். நீயும் ஆபீசுக்கு ஓட முடியாது."

பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை இடித்தது. என் தோள் பக்கம் இழுத்துக்கொண்டேன். மீதி நாலு மணி நேரம் தோள் மரத்துப்போய்த்தான் வந்தேன்.

மார்ச் 19, வியாழன்

மறுபடி ஏறிவிட்டோம். துண்டுக்காரர் எங்கள் கதவுக் கைப்பிடியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார். "எல்லாருக்கும் கட்டுவீங்களா?" என்றேன். "தேவைப்படுறவங்களுக்கு" என்றார்.

சாயங்காலம் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நீச்சல் குளத்தில் கால் நனைத்தாள். முழங்கால் வரைக்கும். "சூடாத்தான் இருக்கு" என்றாள், இத்தனை வருஷம் யாரோ அவளிடம் பொய் சொன்ன மாதிரி.

மார்ச் 20, வெள்ளி

குறிப்பு 27: கடைசி நாள் சாயங்காலம் பெட்டிகளைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தும் துணியை மறக்காமல் வெளியே எடுத்து வையுங்கள்.

பெட்டி போய்விட்டது. என் துணி மொத்தமும் அதற்குள்ளே. நான் இரவு உடுப்பில் நிற்கிறேன். அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு செட் எடுத்துப் போட்டாள். எனக்கென்றே ஒன்று கூடுதலாக வைத்திருந்தாளாம். "நீ மறப்பேன்னு தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

மார்ச் 21, சனி

வீடு. தரை இன்னும் ஆடுகிறது. இரண்டு நாள் அப்படித்தான் இருக்குமாம். வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன.

ஏப்ரல் 2, வியாழன்

முதலாளி திருத்திய நோட்டீஸைக் கேட்டார். ஒன்பதாவது குறிப்பை மாற்றிக் கொடுத்தேன். "அவ்வளவுதானா? மத்ததெல்லாம் சரியா?" என்றார். சரி என்றேன்.

வீட்டுக்காரரிடம் இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். ரேடியோ ரிப்பேர் பண்ணுகிற தன் அறைக்குள் போனார். பதினெட்டு வருஷமாக என்னைத் துடைப்பம் எடுத்துக்கொண்டு நுழைய விடாத அறை. அரை மணி நேரம் கழித்து இரண்டு அட்டைப் பெட்டியோடு வெளியே வந்து, "மொட்டை மாடில ஷெட் காலியாத்தானே இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள்.

டிசம்பர் 6, ஞாயிறு

எட்டு மாதமாக எழுதவில்லை. நேரமில்லை.

காலையில் அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு நாள் வாய் நிறையத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டவள்.

"நீங்க யாரு?"

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் ஒரு நொடி யோசித்தார்.

"மாடில வாடகைக்கு இருக்கேங்க."

"அப்படியா." அக்கா கொஞ்ச நேரம் அதைப் பரிசீலித்தாள். "சத்தம் போடாம இருக்கறதா இருந்தா இருங்க. இங்க என் தங்கச்சி இருக்கா. நாள் பூரா வேலை, பாவம்."

"சரிங்க" என்றார்.

சாயங்காலம் பார்த்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து மாடி ஏறிக்கொண்டிருந்தார்.